கோஷர் சாப்பிடுகிறவரை விருந்துக்குக் கூப்பிட்டால் எங்கெல்லாம் சொதப்புகிறோம்

"அவர் பன்றிக்கறி சாப்பிட மாட்டார், அவ்வளவுதானே?" கோஷர் என்கிற யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கிற யூத நண்பரையோ கூட வேலை பார்ப்பவரையோ சாப்பிடக் கூப்பிடும்போது பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நியூஜெர்சி, லண்டன், டொராண்டோ பக்கம் இருக்கிற நம் ஆட்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "நாங்க சுத்த சைவம், எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே கிடையாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கப் போய்விடுவார்கள். வந்தவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துக் கிளம்புவார். கூப்பிட்டவருக்கு மனக்கஷ்டம், வந்தவருக்குச் சங்கடம், இரண்டுமே தேவையில்லாதது.

கோஷர் என்பதில் என்ன பொருள் போட்டுச் சமைத்தோம் என்பது பாதிதான். எந்தப் பாத்திரம், எந்தக் கத்தி, அடுப்பை யார் பற்றவைத்தார், யார் மேற்பார்வை செய்தார் என்பதெல்லாம் மீதிப் பாதி. இந்த மீதியைத் தெரியாமல் எவ்வளவு அக்கறையாகச் சமைத்தாலும் அவர் கைவைக்க முடியாது.

பொருள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வேதாகமத்தில் லேவியராகமம் 11-ஆம் அதிகாரம்தான் அடிப்படை. விலங்கு என்றால் குளம்பும் பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். ஆடு, மாடு, மான் சரி. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கும், அசை போடாது. ஒட்டகத்துக்கு நேர் எதிர். மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும், அதனால் இறால், நண்டு, கணவாய், சுறா, விலாங்கு, கெளுத்தி எல்லாம் அவுட். உங்கள் பெருமைக்குரிய சுறாப் புட்டை அன்றைக்கு மறந்துவிடுங்கள். கோழி, வாத்து, வான்கோழி உண்டு, ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்ற யூதர் முறைப்படி அறுத்து, ரத்தம் நீங்க ஊறவைத்து, உப்பிட்டு, கழுவியதாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் வாங்கிய கோழி கோஷர் ஆகாது. ஹலால் கோழியும் அப்படித்தான். "ஹலாலும் கோஷரும் ஒண்ணுதானே" என்பது படித்தவர்களே அசால்ட்டாகச் சொல்கிற தவறு. பன்றி கூடாது, ரத்தம் கூடாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகும், மற்ற விதிகள் வேறு, மேற்பார்வையும் வேறு. ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, வந்து மந்திரம் சொன்னால் சாப்பாடு கோஷர் ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ரபியின் வேலை ஆசீர்வதிப்பது இல்லை, ஆலையிலும் சமையலறையிலும் நின்று என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

சரி, சைவ வீட்டுக்கு வருவோம், சிக்கல் அதிகம் வருவது இங்கேதான்.

முதல் விஷயம் பூச்சி. பூச்சி சாப்பிடக்கூடாது என்று யூதர்களின் வேதமான தோராவில் ஒரு தடவை இல்லை, பல தடவை சொல்லியிருக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிகிற பூச்சி ஒன்று உள்ளே போனாலும் தவறு. நாம் கீரையை மூன்று தண்ணீரில் அலசிவிட்டு நறுக்கிவிடுவோம். கடைப்பிடிப்பான யூத வீட்டில் கீரையைச் சோப்புத் தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ ஊறவைத்து, அலசி, அப்புறம் ஒவ்வோர் இலையாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். காலிஃபிளவர், பிராக்கோலி என்றால் இன்னும் தலைவலி, பூவுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது, அதனால் பலர் அதை வாங்குவதையே விட்டுவிட்டார்கள். ஸ்ட்ராபெரியின் காம்புப் பகுதியைச் சீவி எறிவார்கள். அரிசி, பருப்பில் வண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இது மட்டும் முறத்தில் புடைத்துப் பழகிய நம் பாட்டிமாருக்கு உடனே புரியும். முட்டையை ஒரு கண்ணாடித் தம்ளரில் உடைத்து ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சட்டியில் ஊற்றுவார்கள். ஆக, உங்கள் கறிவேப்பிலை, கொத்தமல்லி, காலிஃபிளவர் பக்கோடா எல்லாம் "வெறும் காய்கறிதானே" கணக்கில் வராது.

அடுத்தது பாத்திரம். சூடான சாப்பாட்டின் சாரம் பாத்திரத்தில் ஏறும், பாத்திரத்திலிருந்து அடுத்த சாப்பாட்டுக்கு இறங்கும் என்பது அவர்கள் சட்டம். நீங்கள் பத்து வருடமாகச் சைவம்தான், ஆனால் கடையில் வாங்கிய, கோஷர் சான்றில்லாத சீஸ் அதே வாணலியில் உருகியிருக்கும். சீஸில் பாலைத் திரியவைக்கப் போடுகிற ரென்னெட் பல சமயம் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது. அது தாவர ரென்னெட்டாகவே இருந்தாலும், கடின சீஸ் வகைகளுக்கு யூத மேற்பார்வை வேண்டும் என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. கத்தியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆப்பிளைச் சாதாரணக் கத்தியால் வெட்டினால் கழுவிச் சரிசெய்ய வழி இருக்கிறது, வெங்காயம், பூண்டு, எலுமிச்சை போன்ற கடுஞ்சுவையுள்ள பொருளை வெட்டினால் கத்தியில் ஏறிய சாரத்தை அது உறிஞ்சிவிடும் என்று கணக்கு. ஆசையாகத் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கவிட்டுக் கொடுக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே அவர் தயங்க ஆரம்பிப்பார், நீங்கள் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இதெல்லாம் போக, பச்சையாகச் சாப்பிட முடியாத, விருந்துக்குத் தகுதியான உணவு வகைகளை யூதர் அல்லாதவர் முழுக்கச் சமைத்திருந்தால் சாப்பிடக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஐரோப்பிய வழி வந்த அஷ்கனாசிகளுக்கு ஒரு யூதர் அடுப்பைப் பற்றவைத்தாலே போதும், ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த செஃபார்டிகளில் பலர் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதையும் அவரே செய்ய வேண்டும் என்பார்கள்.

மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் தோசை, இட்லி போடுகிற சைவ உணவகங்கள் சில கோஷர் சான்று வாங்கி நடத்தின. சைவம் என்பதே போதும் என்றால் சான்று எதற்கு?

இனி கறியும் பாலும். "குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்ற வரி தோராவில் மூன்று இடங்களில் வருகிறது, அதிலிருந்துதான் இறைச்சியும் பாலும் சேரவே கூடாது என்ற முழு ஏற்பாடும் வளர்ந்தது. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, வசதி இருந்தால் தனித்தனிக் கழுவுதொட்டி. இறைச்சி சாப்பிட்டால் பலர் ஆறு மணி நேரம் பால் தொட மாட்டார்கள். ஜெர்மன் வழி வந்தவர்கள் மூன்று மணி நேரம், டச்சு வழி வந்தவர்கள் ஒரு மணி நேரம் என்று வழக்கம் மாறும்.

நம்மூர்க்காரர்கள் வகையாக மாட்டுவது பிரியாணியில். சிலர் மெனக்கெட்டு யூதக் கடை தேடிப் போய் கோஷர் கோழி வாங்கி வருவார்கள், பாராட்ட வேண்டிய விஷயம், வந்ததும் பழக்கதோஷத்தில் அதைத் தயிரில் ஊறவைத்து, நெய் விட்டு, பக்கத்தில் தயிர்ப் பச்சடியும் வைத்து முடித்துவிடுவார்கள். அந்தக் கோழியை இனி யாராலும் கோஷர் ஆக்க முடியாது. எண்ணெயில் செய்து பச்சடியைத் தள்ளிவைத்தாலும் உங்கள் வீட்டு அண்டாவில் செய்தது என்பதால் அதே கதிதான். சாப்பாடு முடிந்ததும் பால் பாயசம், ஃபில்டர் காபி என்று நீட்டுவது இன்னொரு தவறு, மத்தியானம் இறைச்சி சாப்பிட்டவர் சாயங்காலம் வரை அதைத் தொட மாட்டார். தேங்காய்ப்பால் இதில் சேராது. கொச்சி யூதர்களும் மராட்டியக் கடற்கரையின் பெனே இஸ்ரேலியரும் தலைமுறை தலைமுறையாகக் கறிக்குழம்பில் தேங்காய்ப்பால்தான் ஊற்றுகிறார்கள். ஆனாலும் பார்ப்பவர் சந்தேகப்படக்கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் இருந்த ரபி மோசஸ் இசர்லெஸ், பாதாம்பாலில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி சமைத்தால் பக்கத்தில் நாலு பாதாமை வைத்துவிடு என்று எழுதிவைத்தார். இன்றைக்கு அதே வேலையைச் சோயாப்பால் டப்பா செய்கிறது, விருந்து மேசையில் டப்பாவையே நிறுத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் என்னதான் கொடுப்பது? சமைப்பதை விட்டுவிட்டு, மூடி முத்திரையோடு வருவதை வாங்குங்கள். முதலில் அவரிடமே கேளுங்கள், எந்தச் சான்றை ஏற்பார், எந்தக் கடை சரி என்று. "நீங்க கோஷரா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் பயனில்லை, "உங்களுக்கு எது வசதி, எங்கே வாங்கட்டும்?" என்று கேட்டால் உடனே கடைப் பெயரே சொல்லிவிடுவார். அமெரிக்காவில் வட்டத்துக்குள் யு எழுத்து இருந்தால் அது ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற சான்றளிக்கும் யூத அமைப்பின் முத்திரை, பக்கத்தில் டி இருந்தால் பால் சம்பந்தப்பட்டது. பி இருந்தால் பலர் பாலும் இல்லை கறியும் இல்லை, 'பாரெவ்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு, அந்த பி யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கானது. வெறும் கே எழுத்து மட்டும் இருந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள், தனி எழுத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தெரிந்த பிராண்டுதானே என்று நம்பியும் வாங்காதீர்கள், ஓரியோ பிஸ்கட்டில் முன்பு பன்றிக் கொழுப்பு இருந்தது, அமெரிக்காவில் அது கோஷர் சான்று பெற்றதே 1997-ல்தான். 'கோஷர் ஸ்டைல்' என்று பலகை வைத்த கடையில் பாஸ்ட்ராமி என்கிற மாட்டிறைச்சியும் சீஸும் ஒரே ரொட்டிக்குள் இருக்கும், அந்தப் பலகையை நம்ப வேண்டாம்.

வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, உங்கள் நல்ல பீங்கான் தட்டில் அழகாக அடுக்கிவைப்பதுதான் அடுத்த பெரிய சொதப்பல். அதுவரை கோஷராக இருந்த சாப்பாடு அந்த நிமிடம் அவருக்கு ஆகாமல் போய்விடும். முத்திரையை அவர் உடைக்கட்டும். சூடு பண்ண வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு மூடி பிரியாமல் அப்படியே ஓவனில் வைக்கலாம், விமானத்தில் கோஷர் சாப்பாட்டை இப்படித்தான் சூடு செய்கிறார்கள். காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், அவருக்கு அதுதான் நிம்மதி. முழுப் பழங்களும் காகிதக் கோப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும்.

அலுவலகத்தில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவருகிற நாளில் கோஷர் தட்டை எல்லாவற்றுக்கும் நடுவில் வைக்காதீர்கள். சிக்கன் 65 கரண்டியை யாராவது அதில் விட்டால் முடிந்தது. அவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் மற்றவர்கள். அதற்காக அவரையே மூலையில் தனியாக உட்காரவைத்துவிடாதீர்கள், சாப்பாட்டைத்தான் தனியாக வைக்கச் சொன்னது.

ஒயின் பாட்டில் வாங்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க: திராட்சையிலிருந்து வந்த எதற்கும், திராட்சை ஜூஸ் உட்பட, தனி விதி. கோஷர் ஒயினாகவே இருந்தாலும், சூடுபடுத்தித் தயாரித்த 'மெவுஷால்' வகையாக இல்லாவிட்டால், யூதர் அல்லாதவர் திறந்து ஊற்றியதை அவர் குடிக்க மாட்டார். உங்களை அசுத்தம் என்று நினைக்கிறார் என்று கோபப்பட வேண்டாம், பழைய காலத்தில் ஒயினைச் சிலைகளுக்குப் படைத்த வழக்கத்திலிருந்து வந்த தடை அது. பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அவர் திறந்து எல்லாருக்கும் ஊற்றுவார்.

நாள் பார்க்காமல் கூப்பிடுவதும் நடக்கிறது. வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி இரவு வரை சபாத்து என்கிற ஓய்வுநாள், வண்டி ஓட்ட மாட்டார், அடுப்புப் பற்றவைக்க மாட்டார், போன் எடுக்க மாட்டார். யோம் கிப்பூர் என்கிற பாவநிவர்த்தி நாளன்று 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத நோன்பு. பாஸ்கா வந்தால், இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள், கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற ஐந்து தானியங்களில் புளித்தது எதுவும் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருப்பதால் ரசம்கூட மாட்டிக்கொள்ளும். அஷ்கனாசிகளில் பலர் அந்த நாட்களில் அரிசி, பருப்பையும் விடுவார்கள், அதே சமயம் செஃபார்டிகளில் பலர் அரிசியை மூன்று தடவை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் அது மூன்றாவது தடவை வரும்போது வந்தவர் பாடு திண்டாட்டம். "என் இன்னொரு யூத நண்பர் எல்லாம் சாப்பிடுவாரே, நீங்க மட்டும் ஏன்?" என்பது அதைவிட மோசம். ஆளுக்கு ஆள் கடைப்பிடிப்பு வேறுபடும். வீட்டில் கண்டிப்பாக இருப்பவர் வெளியே சாலட் சாப்பிடலாம், சைவ உணவகத்துக்கு வரலாம், அதை நாம் தணிக்கை செய்ய வேண்டியதில்லை. போட்ட பொருளை மறைப்பது மட்டும் எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாதது. தெரியாமல் ஏதாவது கலந்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள், அவர் தட்டை நகர்த்திவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

இன்னொன்று, ரொட்டி சாப்பிடும் முன் அவர் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு இரண்டு கைக்கும் ஊற்றிக் கழுவுவார். கழுவியதிலிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போடும்வரை பேச மாட்டார். சரியாக அந்த நேரத்தில் "டவல் வேணுமா? தண்ணி ஜில்லுனு வேணுமா?" என்று நாம் கேட்டுக்கொண்டிருப்போம், அவர் தலையை ஆட்டி, கையைக் காட்டி, "ம்ம்" என்று முனகிக்கொண்டிருப்பார். கோபமில்லை. அரை நிமிடம் விட்டுவிடுங்கள்.

அவர் வீட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால் வீட்டில் செய்த மைசூர்பாகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வாங்கி எங்கே வைப்பது என்று அவர் மனைவி தவிப்பார். பூ பாதுகாப்பானது. வெள்ளி இரவு விருந்து என்றால் அதையும் சூரியன் மறைவதற்கு முன்பே, சாயங்காலமே அனுப்பிவிடுங்கள், சபாத்து தொடங்கியபின் பூங்கொத்தைப் புதிதாகத் தண்ணீர் பிடித்து ஜாடியில் வைக்க மாட்டார்கள்.