மினிபைக் செயின்: ஒரு இடத்தில் டைட், அரைச்சுற்றில் லூஸ்

வீட்டில் கட்டிய மினிபைக். 420 அளவுச் செயின், சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் (எஞ்சின் வேகமெடுத்ததும் தானே பிடிக்கும் வகை), பின்னால் சஸ்பென்ஷன் இல்லை. செயினை 12 மி.மீ. ஆட்டத்துக்கு (நடுவில் மேலும் கீழும் அசையும் அளவு) வைத்தாலும் வேகமெடுத்ததும் கழன்று விழும். இறுக்கினால் கிளட்ச் புஷ் (தண்டின்மேல் சுழலும் உள்வளையம்) சூடாகும்.

புதுச் செயின் போட்டேன், அதே கதை. நேர்ப்பட்டையை இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒட்டிவைத்துப் பார்த்தேன். வரிசை சரியாகவே இருந்தது. ஹாஃப் லிங்க் (செயினை ஒரு கண்ணி மட்டும் நீட்டும் துண்டு) சேர்த்ததும் வீண். நான்கு நாள் போயிற்று.

நான் எப்போதும் ஒரே இடத்தில் அளந்ததுதான் தப்பு. பின்சக்கரத்தைத் தூக்கி, கால் சுற்றுக்கு ஒருமுறை அளந்தால் ஓரிடத்தில் 3 மி.மீ., எதிர்ப்பக்கம் 25. பின் ஸ்ப்ராக்கெட் மையம் விலகியிருந்தது. அதன் போல்ட் துளைகள் 8.5 மி.மீ., போல்ட் 8. நடுத்துளையும் சக்கர நடுவிலுள்ள ஹப்பை விடப் பெரிது, ஆக ஸ்ப்ராக்கெட் தட்டைப் போல்ட்தான் நிறுத்துகிறது. கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே இவ்வளவு வித்தியாசம் வரும்.

நான்கு போல்ட்டையும் தட்டு நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தினேன். செயின் விறைக்கும் இடத்தில் சக்கரத்தை நிறுத்தி, மேல்செயினின் நடுவே மரச்சுத்தியால் லேசாகத் தட்டினேன். ஸ்ப்ராக்கெட் தானே எஞ்சின் பக்கம் நகரும். சுற்றி, அளந்து, மறுபடி தட்டல். மூன்றாம் முறையில் 10-க்கும் 14-க்கும் இடையே வந்தது. போல்ட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் தட்டு திரும்ப நகர்ந்துவிடும்.

டென்ஷனைக் கடைசியில்தான் வைக்க வேண்டும், அதுவும் விறைப்பான இடத்தில். எஞ்சின் போல்ட்டை இறுக்கும்போதே ஆட்டம் 2 மி.மீ. குறைந்தது, எனவே இறுக்கிய பிறகு அளப்பதுதான் கணக்கு. செயின் இழுப்பில் எஞ்சின் பின்னால் சரியாதிருக்க, எஞ்சின் தட்டின் பின்விளிம்பில் ஒரு தடுப்பு போல்ட்டும் வைத்தேன்.