எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா?

யுரேனியம்-238 பல சிதைவுகளைக் கடந்து காரீயம்-206 ஆக மாறும்போது வெளியேறும் ஆல்ஃபா, பீட்டா துகள்களின் எண்ணிக்கையைக் கேட்டால், சமன்பாடுகளை ஒவ்வொன்றாக எழுதாமல், முதலில் நிறை எண்களின் வேறுபாடான 32-ஐ 4-ஆல் வகுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆல்ஃபாவும் நிறை எண்ணில் 4-ஐயும் அணு எண்ணில் 2-ஐயும் குறைப்பதால், ஆல்ஃபா துகள்கள் 8. பீட்டா சிதைவு நிறை எண்ணை மாற்றுவதே இல்லை என்பதால்தான் இந்த முதல் படி பிழையின்றி அமைகிறது. அணு எண்ணிலிருந்து தொடங்கினால் ஆல்ஃபா, பீட்டா இரண்டின் விளைவுகளும் கலந்து குழப்பும். எட்டு ஆல்ஃபாக்கள் அணு எண்ணை 92-இலிருந்து 76-ஆகக் குறைத்திருக்க வேண்டும். காரீயத்தின் அணு எண்ணோ 82. ஒவ்வொரு பீட்டாவும் அதை ஒன்று கூட்டுவதால், பீட்டா துகள்கள் 6. காமா கதிர் இரு எண்களையும் மாற்றாது. பாசிட்ரான் (நேர்மின் எலக்ட்ரான்) உமிழ்வு கலந்த சிதைவுக்கும் அணுக்கருப் பிளவுக்கும் இம்முறை பொருந்தாது.