கிளாஸ் ஃப்ளை ராடு எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஈரோடு, கோவை, உடுமலை பக்கம் ஃப்ளை ராடு, அதாவது முள்ளில் கட்டிய செயற்கை ஈயை லைனின் (தூண்டில் கயிற்றின்) கனத்தை வைத்தே வீசும் தூண்டில் கம்பு, வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்குள் இப்போது கிளாஸ் ராடு பேச்சு பலமாக அடிபடுகிறது. பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்கி வைத்த ஃபைபர் கிளாஸ் ராடை வெளிநாட்டுக் கம்பெனிகள் புதிதாகச் செய்து விற்கின்றன, இங்கேயும் ஆட்கள் ஆர்டர் போட்டு வரவழைக்கிறார்கள். எனக்கு இதில் மனதார சந்தோஷம். நம் வாய்க்கால், குளம், அணை ஓரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஃப்ளை ராடு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஆனால் ஆசையாக வாங்கிய பலர் ரெண்டு மாதத்தில் "கொழகொழன்னு இருக்குது" என்று மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ராடு சரியாகத்தான் இருக்கிறது. கார்பன் ராடுக்குப் பழகிய கையை மாற்றிக்கொள்ளாமல் அப்படியே இதில் வைப்பதுதான் சிக்கல்.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த ராடுகள்தான் முன்பு ஃப்ளை ராடு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் கம்பெனி 'வொண்டர்ராடு' என்ற பெயரில் கண்ணாடி இழை ராடைக் கொண்டுவந்தது. 1950இல் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட, ராடு செய்ய வேண்டிய டோன்கின் மூங்கில் வரத்து நின்றது. அப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல் கிளாஸ் ராடின் ராஜ்ஜியம்தான். 1973இல் ஃபென்விக் கம்பெனி கார்பன் ராடை இறக்கியதும் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம், தூரம் போகும். அதன் பிறகு வந்த ஒவ்வொரு புது மாடலும் முந்தியதைவிட வேகம் என்று சொல்லித்தான் விற்றது. இருபது அடி தள்ளி நிற்கும் மீனுக்கு அந்த வேகம் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தவர்கள்தான் கிளாஸுக்குத் திரும்பியவர்கள்.

ரெண்டு பொருளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடி இழையைப் போல் சுமார் மூன்று மடங்கு. கண்ணாடி இழை எடையும் கூட: ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி 2.5 கிராம் என்றால் கார்பன் 1.8 கிராம்தான். அதனால் கிளாஸ் ராடு ஆழமாக வளையும், வளைந்தபின் நிமிர நேரம் எடுக்கும். அதே சமயம் கார்பன் இழை சுமார் 2 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும். கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேலும் தாங்கும். மெதுவாக நிமிர்வதும் சட்டென்று ஒடியாததும் அந்த ஒரே குணத்தின் ரெண்டு பக்கம். ஒன்று வேண்டும் மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

இங்கேதான் முதல் தவறு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: அவசரம். பின்வீச்சு எறிந்த உடனே கையை முன்னால் கொண்டுவந்துவிடுகிறார்கள். லைன் இன்னும் முதுகுக்குப் பின்னால் வளையமாகச் சுருண்டு போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ராடை முன்னால் தள்ளினால் வளைவதற்கு ராடுக்குப் பின்னால் எந்தக் கனமும் இல்லை. லைன் முன்னால் வந்து தொப்பென்று குவியலாக விழும். உடனே "வேகம் பத்தலை" என்று இன்னும் முறுக்கி எறிவார்கள், இன்னும் மோசமாகும். ஆடிப் பதினெட்டுக்குப் புளியமரத்தில் கட்டும் தூரியை, அது பின்னால் வந்து நிற்பதற்கு முன்பே தள்ளுகிற மாதிரிதான் இது. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஏறாது.

இதற்கு ஒரே வழி, திரும்பிப் பார்ப்பது. தண்ணீர் ஓரம் போகாதீர்கள். அறுவடை முடிந்த காட்டிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நின்று, முள் இல்லாமல் லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு) முனையில் ஒரு துண்டு உல்லன் நூல் கட்டுங்கள். ஒன்பது பத்து மீட்டர் லைனை வெளியே விட்டு, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பின்வீச்சு போவதைக் கண்ணால் பாருங்கள். வளையம் விரிந்து விரிந்து, கடைசியில் நூல் மட்டும் சின்னக் கொக்கி போல வளைந்திருக்கும் கணம் ஒன்று வரும். அப்போது கையை முன்னால் கொண்டுவர ஆரம்பிக்க வேண்டும். ராடின் வளைவு மேல் முனையில் தொடங்கி நடுப்பாகம் தாண்டி உள்ளங்கைக்கு மேலே உள்ள தக்கைப் பிடி வரைக்கும் இறங்கி வருவது கையில் தெரியும். கார்பனில் இது கிடைக்கவே கிடைக்காது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, வீச்சின் நடுவே திடீரென்று பலத்தைக் கொட்டுவது. கிளாஸ் ராடின் முனை அந்த அடிக்குச் சட்டென்று கீழே குழிந்துவிடும். லைனின் மேல் பகுதி கீழ்ப் பகுதியை வெட்டிக்கொண்டு வரும், லீடரில் முடிச்சு விழும். அதைக் காற்று போட்ட முடிச்சு என்பார்கள். பெரும்பாலும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கை போட்டதுதான். மெதுவாக ஆரம்பித்துச் சீராகக் கூட்டி, முடிவில் நிறுத்துங்கள்.

லைன் விஷயத்திலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ராடில் 5 என்று எழுதியிருந்தால் 5ஆம் எண் லைன் போட வேண்டும், சரிதான். 1961இல் வகுத்த கணக்குப்படி 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்க வேண்டும். ஆனால் விறைப்பான கார்பன் ராடுகளை வளைப்பதற்காகவே 5 என்று பெயர் போட்டு 6ஆம் எண் கனத்தில் செய்த லைன்கள் சந்தையில் ஏராளம். அதைக் கிளாஸில் போட்டால் ராடு சுமை தாங்காமல் தொங்கிவிடும். பழி ராடு மேல் விழும். பெட்டியில் கிரெய்ன் கணக்கு அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். கணக்குக்குச் சரியாக இருக்கும் டபுள் டேப்பர் லைன் (ரெண்டு முனையும் ஒரே மாதிரி மெலிந்தது) ஒன்று போதும், ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர்த் தூண்டில் கடைகளில் ஃபைபர் ராடு என்று மலிவாகக் கிடைக்கும், இழுத்து நீட்டும் ராடு வேறு. அது புழு கோத்துத் தக்கை போட்டு மீன் பிடிக்க நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் லைனின் கனத்தை வைத்து வீசும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. அதில் ஃப்ளை லைன் போட்டுப் பார்த்துவிட்டு "கிளாஸே இப்படித்தான்" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. வாங்குவதானால் ஏழு, ஏழரை அடியில் 4 அல்லது 5ஆம் எண். ஒன்பது அடி கிளாஸ் ராடு எடுத்தால் முனைக் கனத்தில் மணிக்கட்டு நொந்துபோகும். இருக்கிறதிலேயே லேசான ரீலைத் தேடிப் போடுவதும் வேண்டாம், கொஞ்சம் கனமான ரீல்தான் ராடைச் சமப்படுத்தும்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் போவது கொங்குக்கே உரிய தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேரே நம் மேல்தான் வந்து அடிக்கிறது. உடுமலை, பல்லடம் சுற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தானே! ஆழியாறு அணைக் கரையில் ஆடி மாதத்து மத்தியானம் 4ஆம் எண் கிளாஸ் ராடை எடுத்துக்கொண்டு நின்றால் ஈ உங்கள் காதில்தான் மாட்டும். அந்த மாதங்களில் விடியற்காலையில் போங்கள், மரம் மறைக்கும் வாய்க்கால் ஓரங்களுக்குப் போங்கள், இல்லாவிட்டால் அன்றைக்குக் கார்பனை எடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கார்த்திகைக்கு மேல் காற்று அடங்கியபின் கிளாஸுக்கு நல்ல காலம்.

எந்த மீனுக்குப் போகிறோம் என்பதும் முக்கியம். கரையிலிருந்து ஆறேழு மீட்டரில், இடுப்பளவு தண்ணீரில் குழி பறித்துக் காவல் நிற்கும் ஜிலேபிக்குக் கிளாஸ் ராடு கச்சிதம். ஈ மெத்தென்று விழும், ஈயைக் கட்டும் லீடரின் மெல்லிய நுனியான டிப்பெட்டும் அறாது, அரைக் கிலோ மீன்கூட ராடை அடி வரை வளைக்கும். கெண்டைக்கும் அப்படியே. ஆனால் தாமரைக்கொடிக்குள் கிடக்கும் விராலுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. கடித்தவுடன் கொடிக்குள் போகவிடாமல் இழுத்தாக வேண்டும், கிளாஸ் அதற்கு இடம் கொடுக்காது. முள் ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். மீன் கடித்ததும் ராடை மேலே தூக்கினால் அந்த வேகத்தை ராடின் வளைவே தின்றுவிடும், முள் இறங்காது. ராடை மீனை நோக்கி நேராக வைத்து, லைன் பிடித்த இடது கையால் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுங்கள். பிறகு தூக்குங்கள்.

கிளாஸ் ஒடியாது என்ற நம்பிக்கையில் மீனைக் காலடிக்குக் கொண்டுவந்து ராடைச் செங்குத்தாக நிமிர்த்துவார்கள். வேண்டவே வேண்டாம். அப்போது மொத்தச் சுமையும் மெல்லிய முனைப் பாகத்தில் மட்டும் நிற்கும், எந்த ராடும் ஒடியும். பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து அடிப்பாகத்தை வேலை வாங்குங்கள். மீனும் சீக்கிரம் வரும், விடுவதாக இருந்தால் களைத்துப் போகாமல் நீந்திப் போகும்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை யாரிடமாவது இருக்கும், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் லைனை விட வேண்டும். காட்டுக்குள் ஓடும் மோயாற்றுப் பக்கம் போகவே கூடாது. காவிரிப் படுகைக்கு மட்டுமே உரிய திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது, அதற்கு மிச்சமிருக்கும் கடைசி இடங்களில் மோயாறு ஒன்று. அமராவதி அணையில் முதலை உண்டு, அங்கே தண்ணீரில் இறங்கி நின்று வீசும் பழக்கம் உயிருக்கு ஆபத்து.

பழைய ராடு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960, 70களில் செய்த சில கிளாஸ் ராடுகளில் ரெண்டு பாகத்தையும் இணைத்தபின் நடுவே அரை அங்குலம் வரை இடைவெளி தெரியும். அதை யாரோ சரியாகப் பொருத்தவில்லை என்று நினைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உள்ளே அழுத்திவிடுகிறார்கள். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. வருஷக்கணக்கில் இணைப்பு தேயத் தேய அது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும். முழுதும் மூடிய பிறகுதான் இணைப்பு தளர ஆரம்பிக்கும். நீங்கள் தேய்த்தால் அந்த ஆயுளை ஒரே நாளில் செலவழிக்கிறீர்கள். உலோக இணைப்பு உள்ள ராடானால் கழற்றும்போது முறுக்காமல் நேராக இழுங்கள். வாங்குமுன் வெயிலில் பிடித்து இழை வெளுத்த இடம், ராடில் லைன் ஓடும் வளையங்களின் உள்ளே லைன் அறுத்த கோடு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வாங்கியபின் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தோடு உறைக்குள் மூடாதீர்கள்.

கடைசியாக, கார்பன் மின்சாரம் கடத்தும், கிளாஸ் கடத்தாது என்று தைரியம் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். காய்ந்த கண்ணாடி இழை கடத்தாது, உண்மை. மீன் பிடிக்கிற ராடு எப்போது காய்ந்திருக்கிறது? ராடும் நனைந்திருக்கும், லைனும் நனைந்திருக்கும், நாமும் ஈரத்தில் நிற்போம். கீழ்பவானி வாய்க்கால் ஓரம் நெடுக, பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் தென்னைக்கு நடுவே தாழ்ந்து தொங்குகின்றன. ஃப்ளை வீச்சில் லைன் தலைக்கு மேலேயும் முதுகுக்குப் பின்னாலும் பத்து மீட்டருக்கு மேல் போகும். நிற்கும் இடத்தில் அண்ணாந்து ஒருமுறை, திரும்பி ஒருமுறை பார்த்து, அந்தத் தூரத்துக்குள் கம்பி இருந்தால் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.