கொடைக்கானல் குளிரில் குறைமாவு உணவு: எதை, எவ்வளவு, எப்படி

ஒரு நாளைக்கு 30 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்; சர்க்கரையும் இதில் சேர்த்திதான்). நார்ச்சத்தைக் கழித்த கணக்கு இது. முதல் மூன்று வாரம் இதைத் தாண்டாமல் இருக்கவேண்டும். சமைத்த சோறு 100 கிராமிலேயே 28 கிராம் இருக்கிறது என்றால் அளவு புரியும்.

தொடங்கும் முன் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் சோற்றைச் சட்டென்று நிறுத்தினால், பழைய அளவு மருந்தே சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு, சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (கொழுப்பு எரியும்போது உண்டாவது) ஆபத்தான அளவுக்கு மிஞ்சிப்போக வாய்ப்புண்டு. பிரஷர் மாத்திரையின் அளவையும் மாற்றவேண்டி வரலாம். இவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. மன்னவனூர், கிளாவரை போன்ற தூர மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். நடுராத்திரியில் மயக்கம் வந்தால் உதவி கிடைக்க நேரமாகும்.

மலையில் இந்த உணவுமுறையைக் கெடுப்பது பெரும்பாலும் சோறு அல்ல, டீ. 100 மில்லி பாலில் 5 கிராம், இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் 10 கிராம். குளிருக்கு நாலு கிளாஸ் குடித்தால் 60 கிராம் போயிற்று. ஒரு வாய் சோறு சாப்பிடாமலே இரண்டு நாள் கணக்கு முடிந்தது. பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன் டீக்கு மாறுங்கள். முடியாதவர்கள் காலையில் ஒரே ஒரு கிளாஸ், சர்க்கரை இல்லாமல், பாதிப் பால் பாதித் தண்ணீர் விட்டுக் குடிக்கலாம்.

அடுத்தது காய். ‘மலைக்காய்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்பது தவறு. உருளைக்கிழங்கில் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம், பச்சைப் பட்டாணியில் 9, கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 7. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சௌசௌ, நூக்கல் எல்லாம் 3 கிராம் அளவில்தான், முள்ளங்கி 2, பீன்ஸ் 4. பூண்டைத் தனியாகச் சொல்லவேண்டும். மலைப்பூண்டின் மணத்துக்கு ஈடில்லைதான், ஆனால் 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து. தாளிக்க மூன்று நாலு பல் போதும். பூண்டுக் குழம்பாக வைத்தால் கணக்கு உடையும். பிளம்ஸ், பேரிக்காய், மலைவாழை மூன்றையும் இந்த மூன்று வாரம் தள்ளிவையுங்கள்.

கீழ்மலையில் விளையும் பட்டர்புரூட்தான் (அவகாடோ) இந்த உணவுக்குக் கிடைத்த வரம். 100 கிராம் சதையில் 2 கிராம்தான் மாவுச்சத்து, 15 கிராம் கொழுப்பு, கூடவே பொட்டாசியம். மில்க்ஷேக் போடாமல் உப்பு, மிளகு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுங்கள். இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். கல்லுப்போல இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுபோகும். அரிசிப் பானையில் புதைத்துவைத்து, காம்புப் பக்கம் அழுத்தினால் அமுங்கும்போது எடுங்கள். கொடைக்கானல் குளிரில் கீழ்நாட்டைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும்.

பலர் நாலாம் நாளே விட்டுவிடுவதற்குக் காரணம் உப்புக் குறைவு. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும். குளிரில் தாகமே தெரியாது என்பதால் இங்கே அது இன்னும் மோசமாகிறது. தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு, ராத்திரி கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதனால் வருபவை. பசி என்று நினைத்து ரொட்டியைத் தொடாதீர்கள். வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பும் எலுமிச்சையும் கலந்து குடியுங்கள். ஆட்டுக்கால் சூப் உப்போடு சாயங்காலம் ஒரு டம்ளர் குடித்தால் இன்னும் நல்லது. பிரஷர், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் உப்பைத் தாங்களாகக் கூட்டக்கூடாது. கிறுகிறுப்பு இருக்கும் நாட்களில் வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி ஓட்டவேண்டாம்.

சமையலில் மலைக்கென்று சில மாற்றங்கள் உண்டு. 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; முட்டை முழுதாக வேக இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், கறிக்குக் குக்கரே சரி. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஆகவே வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி ஸ்பூனால் எடுங்கள். காலிஃபிளவரைத் துருவிச் சோறாக்கும்போது தண்ணீர் விடக்கூடாது, மூடவும் கூடாது. அகலமான வாணலியில் நெய்விட்டு ஐந்து நிமிடம் வதக்கினால் உதிரியாக வரும், மூடினால் களியாகிவிடும். உருளைக்கு பதில் சௌசௌ போடுங்கள். தோல் சீவும்போது வரும் பிசின் கையில் ஒட்டும், தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் தொல்லை இல்லை.

ஒரு நாள் தட்டு இப்படி இருக்கலாம். காலை: நெய்யில் மூன்று முட்டை ஆம்லெட், 100 கிராம் பட்டர்புரூட். மதியம்: 200 கிராம் காலிஃபிளவர் சோறு, 200 கிராம் கோழிக்கறி, மசாலாவுக்கு 30 கிராம் வெங்காயம், 50 கிராம் தக்காளி. இரவு: 150 கிராம் சௌசௌ, 30 கிராம் தேங்காய் போட்டு, பருப்பில்லாத கூட்டு, அவித்த முட்டை இரண்டு, ஒரு சின்னக் கப் தயிர். மாவுச்சத்து 25 கிராம் அளவில் நிற்கும், புரதம் 80 கிராமை ஒட்டி வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது தாராளம். காயைச் சமைக்கும் முன் நிறுக்கவேண்டும். கண்ணளவு முதல் வாரத்தில் ஏமாற்றும். தயிர் குளிரில் உறையாமல் அரைகுறையாக நின்றால் பால்சர்க்கரை அதிகம் மிஞ்சியிருக்கும். பாலை வெதுவெதுப்பாக உறை ஊற்றி ஹாட்பேக்கில் ராத்திரி முழுக்க வையுங்கள்.

மலச்சிக்கல் வந்தால் கறியைக் குறைக்கவேண்டாம், கோஸும் கீரையும் தண்ணீரும் கூட்டுங்கள். பஸ் ஸ்டாண்டில் பசித்தால் பிரெட் ஆம்லெட் கடையில் பிரெட் இல்லாமல் இரட்டை ஆம்லெட் கேளுங்கள், போட்டுத் தருவார்கள். பக்கத்தில் ஆவி பறக்கும் மக்காச்சோளத்தில் 100 கிராமுக்கு 19 கிராம். பஜ்ஜியில் எண்ணெய் பிரச்சினையில்லை, மேல்மாவுதான் பிரச்சினை.