நாயுடன் கேரவனில் கிழக்குக் கரைக்கு

மலேசியாவின் பினாங்கிலிருந்து கிரிக், ஜெலி ஊர்கள் வழியாகக் கிழக்குக் கடற்கரைக்குக் கேரவனில் செல்ல எண்ணும் ஓய்வு பெற்ற தம்பதியர், வடகிழக்குப் பருவமழைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை தவிர்த்து, ஏப்ரலுக்குப் பின் புறப்படுவது நல்லது. நாயும் உடன் வருமானால், மழையைவிட வெயிலே பெரிய கவலை. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும் என்பதால், உணவுக்கடையில் இருவரும் ஒன்றாக இறங்காமல், ஒருவர் நாயுடன் நிழலில் இருக்க மற்றவர் உண்டு வரலாம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பொட்டலமாக வாங்கிக் கடலைப் பார்த்தபடி சேர்ந்து உண்பது, என்னைக் கேட்டால், அதைவிடச் சுகம். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 வினாடி வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது. தங்குமிடங்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதியில்லை. முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.