மெலியோய்டோசிஸ்: ஆய்வகத்தில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

மெலியோய்டோசிஸ் என்பது மண்ணிலிருந்து வரும் ஒரு பாக்டீரியா தொற்று. சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர், ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் 'சூடோமோனாஸ் இனம், கன்டாமினேஷனாக இருக்கலாம்', அதாவது வெளியிலிருந்து கலந்த சாதாரணக் கிருமியாக இருக்கலாம் என்று எழுதி என்னிடம் நீட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய வரி அது.

'கன்டாமினேஷன்' என்று ஒதுக்குவது

அன்று வந்தது ஒரு விவசாயியின் ரத்தம். பத்து நாளாகக் காய்ச்சல், கட்டுக்கடங்காத சர்க்கரை. இரண்டு பாட்டில்களில் ஒன்றில்தான் கிருமி வளர்ந்திருந்தது. அதை நான் நம்பவில்லை. ஜென்டமைசின், கோலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அது மசியவில்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மருந்து வில்லையைச் சுற்றி மட்டும், கிருமி வளராத தெளிவான வளையம். வழக்கமான சூடோமோனாஸ் இதற்கு நேர்மாறு. ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனையில் பாசிட்டிவான, கிராம் சாயத்தில் நெகட்டிவான கிருமி இப்படி நடந்துகொண்டால், அது மெலியோய்டோசிஸ் தரும் 'பர்க்கோல்டேரியா சூடோமல்லை' கிருமியா என்று பார்த்தே தீரவேண்டும். வளையம் கண்ணெதிரே இருந்தும் நான் அதைப் படிக்கவில்லை.

எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவருக்குக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். இடையில் போட்ட செஃப்ட்ரையாக்சோன் இந்தக் கிருமிக்குப் போதாது. செஃப்டசிடைமோ மெரோபெனமோ வேண்டும். அவர் பிழைத்தார். ஆனாலும் அந்த எட்டு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஒரே நாளில் தட்டை வீசுவது

கிருமியை வளர்க்கும் தட்டில் முதல் நாள் ஊசிமுனைப் புள்ளிகள்தான். உலர்ந்து சுருக்கம் விழ மூன்று நாளாவது ஆகும்.

தட்டை முகர்வது

கூடவே கூடாது. இந்தக் கிருமி மூச்சு வழியாகவும் நுழையும்.

காசநோய் என்று முடிவுகட்டுவது

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இந்தக் கிருமி, காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ நுழைகிறது. பெரும்பாலும் 1 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், பலருக்கு நிமோனியா. ரத்தத்தில் ஏறினால் கல்லீரல், மண்ணீரல், மூட்டு, எலும்பு, ஆண்களுக்குப் புராஸ்டேட் என்று எங்கும் சீழ் கட்டும். சிலருக்கோ இருமலும் எடை இழப்புமாக இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கும். அவர்களுக்குத்தான், சளியில் காசநோய்க் கிருமி தெரியாதபோதும், காசநோய் மருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

'நம் ஊரில் ஏது' என்பது

1912இல் ரங்கூனிலிருந்து இந்த நோயைப் பற்றி முதலில் எழுதியவர்கள் மருத்துவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். தமிழ்நாட்டில் இன்றும் கண்டறிகிறார்கள்.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது

ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். அதன்பின் கோட்ரைமாக்சசோல் குறைந்தது 3 மாதம். பாதியில் விட்டால் நோய் திரும்பும்.

வார்டுக்குப் போன் செய்யாதது

மாணவியின் அறிக்கையில் நான் கையெழுத்திடவில்லை. விண்ணப்பத்தில் தொழில், சர்க்கரை இரண்டு கட்டங்களும் காலி. அவரையே வார்டுக்குப் பேசச் சொன்னேன். நடவு வேலை, சர்க்கரை 380 என்று பதில் வந்தது. சேற்று வேலையும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் மெலியோய்டோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். தட்டை, கிருமி காற்றில் பரவாமல் தடுக்கும் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மாற்றினோம்.