படகில் மின்னணு கியர் கட்டுப்பாடு: ஒயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படகுகளில் லீவரைத் தள்ளினால் ஒரு கேபிள் கியரை நேராக இழுக்கும். கேபிள் இறுகத் தொடங்கினால் கை அதை முன்பே உணர்ந்துவிடும். மின்னணுக் கட்டுப்பாட்டில் அந்த எச்சரிக்கை இல்லை. லீவர் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சமிக்ஞை மட்டுமே அனுப்புகிறது; அந்தப் பெட்டிதான் கியரை மாற்றுகிறது. படகுத்துறையை நெருங்கும்போது சமிக்ஞை ஒரு நொடி அறுந்தாலும் போதும், படகு இடித்துவிடும். எனவே இந்த ஒயரிங்கைச் சுக்கானுக்குச் சமமாக மதிக்க வேண்டும்.

மிகப் பெரிய தவறு மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் நிகழ்கிறது. விளக்கு, பம்பு, ரேடியோ எல்லாம் மின்சாரம் எடுக்கும் பலகையிலேயே கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில், சற்றே தளர்ந்த 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். பெட்டி அணைந்து மீண்டும் உயிர்பெறும். பிழை விளக்கு எரியும். குற்றமற்ற பெட்டியைக் கழற்றி மாற்றுவார்கள். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸுடன் தனி ஒயர் வர வேண்டும். இரண்டாவது பேட்டரியிலிருந்தும் மாற்று இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது.

ஒயரின் தடிமனிலும் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரியிலிருந்து பெட்டி 6 மீட்டர் தொலைவில் இருந்தால், போய்த் திரும்பும் நீளம் 12 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறக்குறைய 0.8 வோல்ட் வீணாகும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். முக்கியமான மின்சுற்றுகளில் இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏபிஒய்சியின் விதி.

வீட்டு ஒயரைப் படகில் போடவே போடாதீர்கள். ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடியும்; வெறும் செம்பு உப்புக்காற்றில் கறுக்கும். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு ஒயரே ஏற்றது. முனைகளைச் சாலிடரை மட்டும் நம்பி விடாமல், சரியான கருவியால் கிரிம்ப் செய்து (உலோக முனையை ஒயரோடு நசுக்கி இறுக்கி), உள்ளே பசையுள்ள சுருங்குகுழாயால் மூடுங்கள்.

சமிக்ஞை ஒயர்களில் வேறொரு சிக்கல். படகுக் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் என்எம்இஏ 2000 போன்ற கேன் வலையமைப்பில், முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரு சமிக்ஞைக் கம்பிகளுக்கும் இடையே அளந்தால் மீட்டர் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் மின்தடை விடுபட்டிருக்கிறது; 40 என்றால் யாரோ மூன்றாவதைச் சேர்த்திருக்கிறார்.

நியூட்ரலில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி வைத்திருக்கும் பாதுகாப்பு இணைப்பை, தொல்லை கொடுக்கிறது என்று ஒயர் போட்டுத் தாண்டுவது மன்னிக்க முடியாத தவறு. பக்கத்தில் தண்ணீரில் ஒருவர் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் படகைத் துறையில் இறுகக் கட்டி, மெதுவான வேகத்தில் கியரைப் போட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஃபியூஸை மட்டும் கழற்றிப் பாருங்கள். சில கியர்பெட்டிகள் நியூட்ரலுக்குத் திரும்பும். சில போட்ட கியரிலேயே நிற்கும். உங்களுடையது எந்த வகை என்பதையும், இயந்திரத்தைக் கையால் நிறுத்தும் வழியையும் படகோட்டும் ஒவ்வொருவருக்கும் அன்றே காட்டிவிடுங்கள்.